ஆய்வுக் கட்டுரையை நடுவிலிருந்து தொடங்குங்கள்: ஒரு முழுமையான வழிகாட்டி

என் முதல் ஆய்வுக் கட்டுரைக்கு முன்னுரை எழுத மட்டும் மூன்று வாரங்கள் ஆயின. பதினொரு பக்கம். மனிதர்கள் எழுத்தைக் கண்டுபிடித்த காலத்தில் தொடங்கி, அச்சு இயந்திரத்தைத் தொட்டு, என் பொருளை வந்தடைவதற்குள் எட்டாம் பக்கம் முடிந்திருந்தது. நெறியாளர் பொறுமையாக முழுவதையும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதில் நீங்கள் கண்டுபிடித்தது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" எந்தப் பக்கத்திலும் இல்லை. அதுவரை நான் எதையும் கண்டுபிடிக்கவே இல்லை. வரப்போகும் விருந்தாளி யாரென்று தெரியாமலே வரவேற்புரை எழுதி வைத்திருந்தேன்.

அந்தப் பதினொரு பக்கங்களில் இறுதிக் கட்டுரை வரை பிழைத்து வந்தவை இரண்டு வாக்கியங்கள்.

கட்டுரை படிக்கப்படும் வரிசையிலேயே எழுதவும் வேண்டும் என்று நினைத்ததுதான் என் தவறு. நோபல் பரிசு பெற்ற உயிரியலாளர் பீட்டர் மெடவார் 1963இல் ஒரு வானொலி உரையில், அறிவியல் கட்டுரை என்பதே ஒரு மோசடியா என்று கேட்டார். அதிலுள்ள தரவு பொய் என்று அவர் சொல்லவில்லை. ஆய்வாளர் உண்மையில் எப்படி யோசித்தார் என்பதைக் கட்டுரையின் வடிவம் தவறாகக் காட்டுகிறது என்பதே அவருடைய குற்றச்சாட்டு. அவர் சொன்னது சரி. ஆனால் அந்த வடிவம் வாசகரின் வசதிக்காக ஏற்பட்டது. எழுதுபவருக்கு வேறொரு வரிசை தேவை. அந்த வரிசையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். கல்லூரிக் கட்டுரை, ஆய்வேடு, ஆய்விதழுக்கு அனுப்பும் கட்டுரை மூன்றுக்கும் இது பொருந்தும். அளவு மட்டும் மாறும்.

எடுத்துக்காட்டு வேண்டுமே என்பதற்காக ஒரு பொருளைக் கடைசிவரை கையில் வைத்துக்கொள்வோம்: திரையில் வாசிப்பது.

முதல் படி: பொருளைக் கேள்வியாக்குவது

"திரை வாசிப்பு" என்பது பொருள். அதைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதலாம், எதையும் நிறுவாமலே. கேள்வி வந்த பிறகுதான் எதைப் படிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பது தெரியும்.

பொருளைச் சுருக்க, யார், எதை, எதோடு ஒப்பிட்டு, எப்படி அளந்து என்ற நான்கையும் கேட்டுப் பாருங்கள். திரையில் படிப்பவர் யார்? கல்லூரி மாணவர்கள். எதைப் படிக்கிறார்கள்? பாடம் சார்ந்த கட்டுரை. எதோடு ஒப்பிடுகிறோம்? காகிதத்தோடு. எப்படி அளக்கிறோம்? படித்து முடித்ததும் கேட்கும் பத்துக் கேள்விகளால். இப்போது வினா இப்படி நிற்கிறது: "கல்லூரி மாணவர்கள் ஒரே கட்டுரையைக் காகிதத்திலும் கைப்பேசியிலும் படித்தால், அவர்களின் புரிதலில் வேறுபாடு உண்டா?"

இந்த வினாவை உடனே நம்பிவிடாதீர்கள். வரக்கூடிய விடைகளை முன்கூட்டியே எழுதிப் பாருங்கள். "ஆம், காகிதமே மேல்." "இல்லை, வேறுபாடு கிடையாது." "சில நேரங்களில் மட்டும்." மூன்றில் எது வந்தாலும் எழுதத் தகுந்த கட்டுரை கிடைக்குமானால் வினா நல்லது. ஒரே ஒரு விடை வந்தால்தான் கட்டுரை நிற்கும் என்றால், விடையை முடிவுசெய்துவிட்டு ஆதாரம் தேடப் புறப்பட்டிருக்கிறீர்கள் என்று பொருள். "கைப்பேசியின் தீமைகள்" என்ற தலைப்பில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த நோய்க்கு ஆளானவை. கேள்வியே இல்லாத இடத்தில் ஆய்வும் இல்லை, தீர்ப்பு மட்டும்தான் இருக்கிறது.

கையிலுள்ள நாட்களுக்குள் விடை காண முடியுமா என்பதையும் பாருங்கள். ஆறு வாரத்தில் முடிக்க வேண்டிய கட்டுரைக்கு ஐந்தாண்டு கேள்வியைச் சுமப்பவர்கள் ஏராளம். வினாவைச் சிறிதாக்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாம் படி: தேடலும் குறிப்பும்

தேடும்போது முதலில் தேவைப்படுவது சொற்கள். நாம் "திரை வாசிப்பு" என்று சொல்வதை இன்னொருவர் "எண்ணிம வாசிப்பு" என்றும், மற்றொருவர் "மின்வாசிப்பு" என்றும் எழுதியிருப்பார். ஆங்கிலத் தரவுத்தளங்களிலும் இதே நிலைதான். ஆகவே ஒவ்வொரு கருத்துக்கும் இணைச்சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே கருத்தின் இணைச்சொற்களை "அல்லது" (OR) என்ற கட்டளையாலும், வெவ்வேறு கருத்துகளை "மற்றும்" (AND) என்ற கட்டளையாலும் இணைத்துத் தேடுங்கள். அரை மணி நேர வேலை. பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால் அதிலிருந்து இரண்டு திசைகளில் போகலாம். பின்னோக்கி, அது மேற்கோள் காட்டிய நூல்களுக்கு. முன்னோக்கி, அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளுக்கு. இரண்டாவது திசையைப் பெரிய அளவில் திறந்துவிட்டவர் யூஜின் கார்ஃபீல்ட். அவர் 1964இல் வெளியிடத் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணைதான் அதன் தொடக்கம். இன்று 2004இல் வந்த கூகுள் ஸ்காலர் அதே வேலையை ஒரு சொடுக்கில் செய்கிறது.

நம் எடுத்துக்காட்டில் இப்படித் தேடினால் பாப்லோ டெல்காடோவும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு விரைவில் கண்ணில் படும். 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, காகிதத்தில் படித்தவர்களின் புரிதல் சற்று மேம்பட்டிருந்ததை அவர்கள் காட்டினார்கள். நேரக் கட்டுப்பாடு இருந்தபோது அந்த வேறுபாடு கூடுதலாகவும், கதைகளை மட்டும் படித்தபோது வேறுபாடே இல்லாமலும் இருந்தது. இதைப் படித்ததும் நம் வினா ஆட்டம் காண்கிறது, இல்லையா? "வேறுபாடு உண்டா" என்று இனிக் கேட்பதில் பெரிய பயனில்லை, கேட்டாகிவிட்டது. "கைப்பேசியில் படிக்கும்போது நேர நெருக்கடியை நீக்கினால் வேறுபாடு குறைகிறதா?" என்று மாற்றினால் வினா மீண்டும் உயிர் பெறுகிறது. வாசிப்பு வினாவைத் திருத்துவது தோல்வியன்று. திருத்தாத வாசிப்பைத்தான் நான் சந்தேகிப்பேன்.

மேற்கோள் காட்டும் முன் அந்தக் கட்டுரை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திப் பெரும் அச்சத்தைக் கிளப்பிய கட்டுரை, 12 குழந்தைகளை மட்டும் அடிப்படையாகக் கொண்டு 1998இல் தி லான்செட் இதழில் வந்தது. அந்த இதழ் அதைத் திரும்பப் பெற்றது 2010இல். இடையிலிருந்த பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனை பேர் அதை நல்ல சான்றாக எடுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இதழின் பக்கத்திலேயே திரும்பப் பெற்ற அறிவிப்பு இருக்கும். கணினியில் பழைய கோப்பை வைத்திருப்பவருக்கு மட்டும் அது தெரியாது.

குறிப்பெடுக்கும் முறைக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் கட்டுரையின் நேர்மை இங்கேதான் தீர்மானமாகிறது. ஒவ்வொரு குறிப்பும் மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும்: அப்படியே எடுத்தெழுதியது, என் சொற்களில் மாற்றியது, எனக்குத் தோன்றியது. மூன்றுக்கும் மூன்று அடையாளம் வையுங்கள். முதலாவதற்கு இரட்டை மேற்கோள் குறி, இரண்டாவதற்கு ஒரு கோடு, மூன்றாவதற்கு உங்கள் பெயரின் முதலெழுத்து. முதல் இரண்டிலும் பக்க எண் கட்டாயம். ஒருமுறை என் குறிப்பேட்டில் மிக அழகான ஒரு வாக்கியத்தைக் கண்டு, "பரவாயில்லையே, நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்" என்று மகிழ்ந்து வரைவில் சேர்த்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அதே வாக்கியம் ஒரு பழைய நூலில் என்னைப் பார்த்துச் சிரித்தது. கருத்துத் திருட்டு என்றால் எல்லாம் திட்டமிட்டு நடப்பவை அல்ல. அவற்றில் பல, அடையாளமில்லாத குறிப்பிலிருந்து பிறப்பவை.

படித்தவை பத்தைத் தாண்டியதும் ஓர் அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் கட்டுரைகள். மேலே உங்கள் கேள்விகள்: யாரிடம் செய்தார்கள், என்ன பனுவல், நேரக் கட்டுப்பாடு உண்டா, என்ன கண்டார்கள். கட்டங்களை நிரப்பியதும் நெடுக்குவாட்டில் படியுங்கள். முன்னாய்வுகளைப் பற்றிய பகுதியை "அவர் இதைச் சொன்னார், இவர் அதைச் சொன்னார்" என்று ஆளாளுக்கு ஒரு பத்தி ஒதுக்கி எழுதுவதிலிருந்து இந்த அட்டவணை உங்களைக் காப்பாற்றும். காலியாக நிற்கும் கட்டம்தான் ஆய்வு இடைவெளி. அதற்காக எல்லா இடைவெளியும் நிரப்பத் தகுந்தவை என்று எண்ணிவிடாதீர்கள். "இதுவரை யாரும் செய்யவில்லை" என்பதற்கு, செய்யும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

மூன்றாம் படி: ஒரே வாக்கியத்தில் உங்கள் வாதம்

தரவு கைக்கு வந்து, அல்லது பனுவலைப் பகுத்துப் பார்த்து முடித்த பிறகு, கண்டதை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். கற்பனையாக வைத்துக்கொள்வோம்: "நேரத்தைத் தாமே முடிவுசெய்ய விட்டபோது, கைப்பேசியில் படித்த மாணவர்களின் புரிதல் காகிதத்தில் படித்தவர்களுடையதை நெருங்கியது." யாராவது இதை மறுக்க முடியுமா? முடியும். ஆதாரம் காட்ட முடியுமா? முடியும். அப்படியானால் இது வாதம். "திரை வாசிப்பில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு" என்று எழுதினால் மறுக்க ஆளே வரமாட்டார், படிக்கவும் வரமாட்டார்.

இந்த வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டி வையுங்கள். இனி வரும் ஒவ்வொரு பத்தியும் இதற்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

நான்காம் படி: எலும்புக்கூடு

அறிவியல், சமூக அறிவியல் கட்டுரைகளுக்கு முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம் என்ற நான்கு பகுதி வடிவம் பழகிவிட்டது. இது ஏதோ ஆதிகாலத்து மரபு என்று நினைப்பவர்கள் உண்டு. உலகின் முதல் அறிவியல் இதழ்களுள் ஒன்றான லண்டன் ராயல் சொசைட்டியின் இதழ் 1665இல் தொடங்கியபோது கட்டுரைகள் பெரும்பாலும் கடிதங்களாகவே இருந்தன. பெரிய மருத்துவ இதழ்களில்கூட இந்த நான்கு பகுதி வடிவம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் முழுமையாக நிலைத்தது. வாசகருக்கு அதில் ஒரு வசதி. முறையை மட்டும் பார்க்க விரும்புபவர் நேரே அங்கே போகலாம்.

இலக்கியம், வரலாறு, மெய்யியல் போன்ற துறைகளில் அந்த அச்சு பொருந்தாது. அங்கே வாதத்தின் படிகளே பகுதிகளாகும். எதிர்க்கருத்துக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள், அதுவும் அதன் வலுவான வடிவத்தில். வைக்கோல் பொம்மையை அடித்து வீழ்த்தினால் வாசகர் உடனே கண்டுகொள்வார்.

எந்தத் துறையானாலும் எலும்புக்கூட்டைத் தலைப்புச் சொற்களால் கட்டாமல் முழு வாக்கியங்களால் கட்டுங்கள். "நேரக் கட்டுப்பாடு" என்று எழுதினால் அந்த இடத்தில் என்ன சொல்லப் போகிறோம் என்பது நமக்கே தெரியாது. "நேர நெருக்கடி திரை வாசகரைக் கூடுதலாகப் பாதிக்கிறது" என்று எழுதினால் பத்தியின் தலைவாக்கியம் தயார். இப்படி இருபது, இருபத்தைந்து வாக்கியங்களை வரிசையாக எழுதி உரக்கப் படித்துப் பாருங்கள். தாவல் எங்கே இருக்கிறது என்பதைக் காது சொல்லிவிடும். வாக்கியங்களை இடம் மாற்ற இரண்டு நிமிடம் போதும். எழுதி முடித்த பக்கங்களை இடம் மாற்ற இரண்டு நாள் வேண்டும்.

ஐந்தாம் படி: எழுதும் வரிசை

முறைப் பகுதியில் தொடங்குங்கள். என்ன செய்தோம் என்பது நமக்கே தெரிந்த செய்தி. யோசிக்க வேண்டியதில்லை, நினைவுபடுத்தினால் போதும். எத்தனை பேர், எப்படித் தேர்ந்தோம், எந்தக் கருவி, எந்த வரிசை, எல்லாம் இறந்தகாலத்தில். உங்கள் கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு அந்நியர் அதே ஆய்வைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும். அந்த அளவுக்கு எழுதினால் போதும். அதற்குக் குறைவாக எழுதினால் போதாது.

அடுத்து முடிவுகள். முதலில் அட்டவணைகளையும் படங்களையும் செய்து முடியுங்கள், பிறகு அவற்றைச் சுற்றி எழுதுங்கள். அட்டவணையில் இருக்கும் எண்களை வாக்கியத்தில் மறுபடி ஒப்பிக்க வேண்டாம். அதில் வாசகர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள். ஓர் எச்சரிக்கை: புள்ளியியல் சோதனையில் தேறிய வேறுபாடெல்லாம் பெரிய வேறுபாடு ஆகிவிடாது. அந்தச் சோதனை தரும் "பி மதிப்பு" என்ற எண் விளைவின் அளவைக் காட்டுவதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் தனி அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. ஆகவே வேறுபாடு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள்.

விவாதம் மூன்றாவது. கண்டது என்ன, முன்னோர் கண்டதோடு அது எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது, ஏன் என்று இங்கே பேசுகிறோம். கட்டுரையின் கடினமான பகுதி இதுதான். வரம்புகளையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். "மாதிரி சிறியது" என்று ஒப்புக்குச் சொல்லி நகராதீர்கள். அது முடிவை எந்தப் பக்கம் சாய்த்திருக்கக் கூடும் என்பதையும் சொல்லுங்கள். நம் எடுத்துக்காட்டில், நேரத்தைத் தாமே முடிவுசெய்ய விட்டால் சிலர் கட்டுரையை இருமுறை படித்திருக்கக் கூடும். அப்படியானால் நாம் அளந்தது திரையின் விளைவையா, மறுவாசிப்பின் விளைவையா? மதிப்பீட்டாளர் கேட்பதற்கு முன் நாமே கேட்டுவிட்டால் மதிப்பு கூடுகிறது.

இப்போது முன்னுரை. இத்தனை வேலைக்குப் பிறகு விருந்தாளி யார் என்று தெரிந்துவிட்டது. மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளைப் பகுத்து, அவற்றில் பொதுவாக மூன்று நகர்வுகள் இருப்பதைக் காட்டினார்: களத்தை நிறுவுதல், அதில் ஓர் இடத்தைக் காட்டுதல், அந்த இடத்தை நிரப்புதல். நம் கட்டுரைக்கு இதை மூன்று பத்திகளில் முடித்துவிடலாம். முதல் பத்தியில் மாணவர்கள் இன்று எதில் படிக்கிறார்கள், அதைப் பற்றி என்ன தெரியும். இரண்டாம் பத்தியில் நேரக் கட்டுப்பாடு பற்றி எஞ்சி நிற்கும் கேள்வி. மூன்றாம் பத்தியில் நாம் செய்தது. எழுத்து பிறந்த வரலாறு தேவையில்லை. டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தை வாட்சனும் கிரிக்கும் அறிவித்த கட்டுரை 1953 ஏப்ரல் 25 நேச்சர் இதழில் வந்தது. மொத்தமே ஒரு பக்கத்துக்குச் சற்று மேல். உங்கள் முன்னுரை அதைவிட நீளமாகப் போனால் ஒருமுறை நின்று யோசியுங்கள்.

முடிவுரை, பிறகு ஆய்வுச் சுருக்கம், கடைசியில் தலைப்பு. சுருக்கத்தைத்தான் பலரும் படிப்பார்கள், பலர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதனால் கண்டுபிடிப்பை அதில் ஒளித்து வைக்க வேண்டாம். "முடிவுகள் விவாதிக்கப்படுகின்றன" என்ற வரி சுருக்கத்தில் இருந்தால் அதை அடித்துவிட்டு அந்த முடிவையே எழுதுங்கள்.

ஆறாம் படி: பத்தி

நம்மில் பலர் பத்தியைக் கண்ணுக்கு ஓய்வு தரும் இடைவெளியாகவே பார்க்கிறோம். ஒரு வரைவிலிருந்து வந்ததுபோல் ஒரு பத்தி:

"திரை வாசிப்பு இன்று பரவலாகக் காணப்படுகிறது. இது குறித்துப் பல ஆய்வுகள் மேற்கொள்ளப்பட்டுள்ளன. மாணவர்கள் கைப்பேசியைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். காகிதத்தில் படிப்பது சிறந்தது எனக் கூறப்படுகிறது. நேரமும் ஒரு முக்கியக் காரணியாகும்."

இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ஐந்து வாக்கியமும் ஐந்து அந்நியர்கள்போல் நிற்கின்றன. யார் கூறினார்? எத்தனை ஆய்வுகள்? நேரம் எதற்குக் காரணி? இதையே வாதத்தை நோக்கித் திருப்பினால்:

"காகிதத்தின் மேன்மை எல்லா வாசிப்புக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை. 54 ஆய்வுகளைத் தொகுத்த டெல்காடோ குழுவினர், நேரக் கட்டுப்பாட்டுடன் படித்தபோது காகிதத்துக்கும் திரைக்கும் இடையிலான வேறுபாடு கூடுவதைக் காட்டினர். தகவல் சார்ந்த பனுவல்களில் தெரிந்த அந்த வேறுபாடு, கதைகளை மட்டும் பயன்படுத்திய ஆய்வுகளில் தெரியவில்லை. எனவே ஊடகத்தை மட்டும் மாற்றிப் பார்க்கும் சோதனை போதாது; நேரத்தையும் பனுவல் வகையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்."

தலைவாக்கியம் ஒரு கருத்தை வைக்கிறது, அடுத்த இரண்டும் சான்று தருகின்றன, கடைசி வாக்கியம் அந்தச் சான்றால் என்ன ஆகிறது என்று சொல்கிறது. அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். சான்றைப் போட்டுவிட்டால் வாசகரே புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கை. அவர் புரிந்துகொள்வார்தான், ஆனால் நாம் நினைத்ததை அல்ல.

ஏழாம் படி: உறுதியின் அளவு

தமிழில் ஆய்வு எழுதுபவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. மேடைத் தமிழின் பழக்கம் எழுத்துக்குள் வந்துவிடுகிறது. "என்பதில் ஐயமில்லை", "என்பது கண்கூடு", "அனைவரும் அறிந்ததே", "என்றால் அது மிகையாகாது" ஆகிய நான்கும் ஆதாரம் இல்லாத இடத்தில் ஆதாரத்தின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்பவை. வரைவில் இவை எங்கெங்கே வருகின்றன என்று தேடுங்கள். பெரும்பாலும் உங்களுக்கே ஐயம் இருந்த இடங்களாக அவை இருக்கும்.

மறுபக்கம், உறுதியை அளந்து சொல்லத் தமிழில் நல்ல படிக்கட்டே இருக்கிறது: நிறுவுகிறது, காட்டுகிறது, சுட்டுகிறது, எனக் கருத இடமுண்டு, என ஊகிக்கலாம். ஒரே ஒரு வகுப்பில் செய்த சோதனை எதையும் "நிறுவாது". "சுட்டும்." இந்தப் படிகளில் சான்றின் எடைக்குத் தக்க படியில் நில்லுங்கள். ஒரே வாக்கியத்தில் "ஒருவேளை ஓரளவுக்கு இருக்கக்கூடும் எனலாம்" என்று நான்கு படிகளை ஒன்றாக இறங்கிவிட்டால் சொல்ல வந்ததே மிஞ்சாது.

செயப்பாட்டு வினையும் அப்படித்தான். "வினாத்தாள் வழங்கப்பட்டது" என்பது முறைப் பகுதியில் சரி. யார் வழங்கினார் என்பது அங்கே முக்கியமில்லை. "எனக் கருதப்படுகிறது" என்பது விவாதத்தில் சரியில்லை. கருதுபவர் யார்? நீங்களா, முன்னோரா? "நான்" என்று எழுதத் தயங்குகிறவர்கள் "இக்கட்டுரை வாதிடுகிறது" என்றாவது எழுதலாம். கலைச்சொல்லுக்கு ஒரே ஒரு விதி: ஒருமுறை "பனுவல்" என்று தொடங்கினால் கடைசிவரை பனுவல்தான். நடுவில் "பிரதி", "உரை" என்று மாற்றினால், படைப்பிலக்கியத்தில் அழகாக இருக்கலாம், இங்கே மூன்று வெவ்வேறு பொருள்கள் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார்.

எட்டாம் படி: மேற்கோள்

முறைகள் பல. உளவியல், கல்வியியலில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் தரும் ஏபிஏ முறை, இலக்கியத்தில் பெயரும் பக்கமும் தரும் எம்எல்ஏ முறை, மருத்துவத்தில் எண்களைத் தரும் வான்கூவர் முறை. இதழ் எதைக் கேட்கிறதோ அதுவே சரி. காற்புள்ளிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். 2006இல் வந்த ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருள்கள் அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் அவை இழுத்துவரும் விவரங்களில் பிழை இருக்கும், ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். அதிலும் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைக்கும் நம் பெயர்களை அவை அடிக்கடி தலைகீழாக்கிவிடும். உங்கள் பெயர் எப்படி வர வேண்டும் என்பதை முதல் கட்டுரையிலேயே முடிவுசெய்து மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். 2012இல் தொடங்கிய ஆர்கிட் அமைப்பு ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனியாகத் தரும் 16 இலக்க அடையாள எண்ணையும் பெற்றுக்கொண்டால் ஆள்மாறாட்டக் குழப்பம் வராது.

மாற்றியெழுதுதல் என்றால் சொல்லுக்குச் சொல் இணைச்சொல் போடுவதில்லை. மூலத்தை மூடிவைத்துவிட்டு, புரிந்ததை எழுதி, பிறகு திறந்து சரிபாருங்கள். மூடினால் எழுத வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை. மாற்றியெழுதிய பிறகும் மேற்கோள் தர வேண்டும். சொற்கள் நம்முடையவை, கருத்து அவருடையது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், உலகில் இல்லவே இல்லாத நூல்களுக்கும் அழகான துணைநூற்பட்டியல் தயாரித்துத் தரும். நீங்கள் திறந்து பார்க்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு 2023இல் தன் பரிந்துரைகளில், இத்தகைய கருவிகளை ஆசிரியராகக் குறிப்பிடக் கூடாது என்றும், பயன்படுத்தியிருந்தால் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. மற்ற துறை இதழ்களின் விதியை அனுப்புமுன் படித்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: திருத்தம்

வரைவை முடித்ததும் இரண்டு நாளாவது கண்ணில் படாமல் வையுங்கள். பிறகு மூன்று சுற்று. முதல் சுற்றில் பகுதிகளையும் வரிசையையும் மட்டும். இரண்டாம் சுற்றில் பத்திகள். மூன்றாம் சுற்றில்தான் ஒற்றுப்பிழையும் எழுத்துப்பிழையும். நாளை நீக்கப் போகும் பத்திக்கு இன்று சந்திப்பிழை திருத்துவதைப்போல வீண் வேலை வேறில்லை.

எதைத் தேடித் திருத்துவது என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த பட்டியல் நன்னூலில் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொன்னார். இன்றைய மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளில் பாதி அதற்குள் அடங்கிவிடும். முறையை முழுதாகச் சொல்லாமல் விட்டால் குன்றக் கூறல். பதினொரு பக்க முன்னுரை மிகைபடக் கூறல். சுருக்கத்தையே முடிவுரையிலும் ஒட்டினால் கூறியது கூறல். மூன்றாம் பக்கத்தில் "வேறுபாடு இல்லை" என்றும் ஒன்பதாம் பக்கத்தில் "சிறிது வேறுபாடு" என்றும் எழுதினால் மாறுகொளக் கூறல். கலைச்சொல்லை இடையில் மாற்றினால் மயங்க வைத்தல். கைப்பேசியைப் பற்றி எழுதப் போய்ச் சமூக ஊடகத்தின் கேடுகளில் இறங்கினால் மற்றொன்று விரித்தல். என் பலவீனம் சென்று தேய்ந்து இறுதல்: தொடக்கத்தில் பாய்ந்து, போகப்போக வலுவிழந்து, விவாதப் பகுதியில் மூச்சுத் திணறி நிற்பது. உங்களுக்கென்று ஒரு குற்றம் இருக்கும். இரண்டு கட்டுரை எழுதினால் அது எதுவென்று தெரிந்துவிடும்.

நீக்கியவற்றை அழிக்க வேண்டாம். "வெட்டியவை" என்று ஒரு கோப்பைத் திறந்து அதில் போட்டு வையுங்கள். இழப்பு இல்லை என்று தெரிந்தால் கை தாராளமாக வெட்டும்.

அனுப்பிய பிறகு

ஆய்விதழிலிருந்து பதில் வந்த அன்று மறுமொழி எழுதாதீர்கள். படியுங்கள், கோபப்படுங்கள், மூடி வையுங்கள். மறுநாள் மதிப்பீட்டாளர்களின் ஒவ்வொரு குறிப்பையும் தனித்தனியாக நகலெடுத்து, அதன் கீழே என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் என்று எழுதுங்கள். ஏற்க முடியாததை ஏற்க வேண்டியதில்லை. காரணத்தை ஆதாரத்தோடு, மரியாதையோடு சொன்னால் போதும். மதிப்பீட்டாளர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அவரைத் திருத்துவதற்கு முன் அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள். அவ்வளவு கவனமாகப் படித்தவரே தடுக்கி விழுந்த இடத்தில் மற்றவர்களும் விழுவார்கள்.

இரண்டு மதிப்பீட்டாளர்கள் நேரெதிராகக் கேட்பதும் நடக்கும். முதலாமவர் முன்னுரையை விரிக்கச் சொல்வார், இரண்டாமவர் பாதியாகக் குறைக்கச் சொல்வார். அப்போது எதைச் செய்தீர்கள், ஏன் என்று இதழாசிரியருக்குத் தனியாக ஒரு பத்தி எழுதுங்கள். முடிவு அவர் கையில். எனக்கு அப்படி ஒருமுறை நேர்ந்தது. விரிக்கச் சொன்னவருக்காக "வெட்டியவை" கோப்பைத் திறந்து அந்தப் பழைய பதினொரு பக்கங்களைத் தேடிப் பார்த்தேன். எடுத்துக்கொள்ள ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. புதிதாக நான்கு வரி எழுதி அனுப்பினேன்.